20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி வேண்டாமா? தனியாகத் தொழில் தொடங்கியவர்களின் வரிக் கேள்விகள்

5 ஏப்ரல் 2025

வாசகர் ஒருவரின் கேள்வி: "வேலையை விட்டாச்சு. பழைய கம்பெனியே கன்சல்டன்டாக எடுத்துக்கொண்டது. மாதம் ஒன்றரை லட்சம். வருடத்துக்கு 18 லட்சம்தானே, 20 லட்சத்துக்குக் கீழே. ஆடிட்டர் ஜிஎஸ்டி எடுக்கச் சொல்கிறார். மச்சான் எடுக்காதே, மாட்டிக்கொள்வாய் என்கிறார். யார் சொல்வது சரி?"

சட்டப்படி மச்சான் சொல்வதில் தவறில்லை. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 20 லட்சம். அதற்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஆடிட்டர் ஏன் சொன்னார் என்பதையும் கேளுங்கள். உங்கள் பில்லை வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி என்றால், நீங்கள் போடும் 18 சதவீதத்தை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் செலவு அதிகமாகாது. நீங்கள் வாங்கும் லேப்டாப், மென்பொருள், நாற்காலிக்குக் கட்டிய வரியை நீங்களும் கழித்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் சாதாரணக் குடும்பத்தினர் என்றால் கதை வேறு. அந்த 18 சதவீதம் அப்படியே அவர்கள் தலையில் விழும், அல்லது உங்கள் கூலியில் குறையும்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது 20 லட்சத்தை அல்ல, யாருக்கு பில் போடுகிறோம் என்பதை.

6 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். விருப்பப்பட்டுப் பதிவு எடுத்துவிட்டால் 20 லட்சம் என்ற பேச்சே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து வரி. வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் என்ற வரிக் கணக்கைப் போட வேண்டும்.

அந்த 20 லட்சத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அது பான் எண்ணை வைத்து, நாடு முழுவதுக்கும் சேர்த்து. வரிவிலக்கு உள்ள வருமானமும் அதில் அடக்கம். ஊரில் உள்ள வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் 20 லட்சக் கணக்கில் சேரும். துபாய்க்காரருக்கோ சிங்கப்பூர்க்காரருக்கோ செய்யும் வேலைக்கு வரி பூஜ்யம், அதுவும் சேரும். சம்பளம் சேராது. கேள்வி கேட்டவருக்கு ஆண்டுக்கு 18 லட்சம், அதோடு மாதம் 20,000 வீட்டு வாடகை வந்தால் 20 லட்சத்து 40 ஆயிரம். வரம்பு தாண்டியாச்சு. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொருவர், பெங்களூரு கம்பெனிக்கு பில் போட்டால் வெளிமாநிலம், எனவே தொகை எதுவானாலும் பதிவு கட்டாயம் என்று எழுதியிருக்கிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அப்படித்தான் இருந்தது. அந்த அக்டோபரிலேயே சேவைகளுக்கு அதை நீக்கிவிட்டார்கள். இன்னும் இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

13 ஏப்ரல் 2025

என் கதையைச் சொல்கிறேன், அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும்.

நான் கட்டுமானத்துக்கான ஸ்டீல் டீடெயிலிங் வரைபடம் போடுகிறவன். கோவையில் வாடகை வீடு, ஒரு அறைதான் ஆபீஸ். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. இடத்துக்கான சான்றுதான் இழுத்தது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகிய மூன்றும் தயாராக இருப்பது நல்லது. எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மா கடிதத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாகப் படித்தார். "கரண்ட் மீட்டரைக் கமர்ஷியலாக்கிருவாங்களாப்பா? வீட்டு வரி ஏறுமா?" இந்த இரண்டும்தான் அவர் கவலை. நியாயமான கவலை. போர்டு மாட்டப் போவதில்லை, ஆள் வந்து போகப் போவதில்லை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரைவதுதான் வேலை என்று விளக்கினேன். "நாளைக்கு ஏதாவது வந்தா நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி, கரண்ட் பில்லில் உள்ள அதே இனிஷியலோடு கையெழுத்துப் போட்டார்.

அந்த இனிஷியல் முக்கியம். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், ஒப்பந்தம் பேரன் போட்டிருப்பார். அந்த இடத்தில்தான் அதிகாரி விளக்கம் கேட்பார், விண்ணப்பம் நிற்கும். வீடு பார்க்கும்போதே கரண்ட் பில் யார் பெயரில் என்று கேட்டுவிடுங்கள்.

14 ஏப்ரல் 2025

புத்தாண்டு வாழ்த்துகள். "வாட் வேறு ஜிஎஸ்டி வேறா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு கையும் தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டுவது. 1954இல் பிரான்சில் தொடங்கியது. தமிழ்நாட்டில் பொருள்களுக்கு 2007 ஜனவரியிலிருந்து வாட் இருந்தது. சேவைகளுக்கு மத்திய அரசின் சேவை வரி தனியாக 1994இலிருந்து இருந்தது. 2017இல் இரண்டும் ஜிஎஸ்டிக்குள் வந்தன. பெட்ரோல், டீசல், மதுவுக்கு இன்னும் பழைய வாட்தான். நம் வேலைக்கு அது சம்பந்தமில்லை.

20 ஏப்ரல் 2025

இப்போது பணம். ஒன்றரை லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள். ஜிஎஸ்டி 27,000. பில் தொகை 1,77,000. கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும், அதாவது உங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே கழித்துக் கட்டும் தொகை. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் அந்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும்தான், அதாவது 15,000. வங்கிக்கு வருவது 1,62,000.

இந்த 1,62,000ஐப் பார்த்ததும் மனசு கூலி ஏறிவிட்டதாக நினைக்கும். அதில் 27,000 உங்கள் பணம் இல்லை. கம்பெனி உங்கள் கையில் கொடுத்து அரசாங்கத்திடம் சேர்க்கச் சொன்ன பணம். கையில் நிற்பது 1,35,000. பிடித்த 15,000 உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கணக்காகும்.

நான் செய்வது இதுதான்: பணம் வந்த அன்றே ஜிஎஸ்டித் தொகையை வேறு வங்கியில் உள்ள இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையைப் பர்ஸில் வைப்பதில்லை. தனியாகத் தொழில் செய்து கடனில் விழுந்த என் நண்பர்கள் எல்லோருமே வேலை இல்லாமல் விழுந்தவர்கள் இல்லை. அவர்களில் சிலர் இந்த 18 சதவீதத்தை எடுத்துப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினார்கள், அதிலிருந்து மீள முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் இவ்வளவு கத்துகிறேன்.

21 ஏப்ரல் 2025

"கம்பெனி மூன்று மாதம் பணம் தராவிட்டால்?" நல்ல கேள்வி, வலிக்கிற கேள்வி. பில் தேதி வந்துவிட்டால் வரி கட்டியாக வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்பது கணக்கில்லை. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒரு கட்டுமான நிறுவனம் என்னை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. என் சேமிப்பிலிருந்து அவர்களுக்கான ஜிஎஸ்டியைக் கட்டினேன். அவர்கள் பணத்தைத் தராமல் வைத்திருந்தார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒப்பந்த வாசகம். மூன்று மாதத்துக்கு மேல் நீளும் வேலை, தவணை தவணையாகப் பணம் என்று ஒப்பந்தம் இருந்தால் அது தொடர் சேவை. அதற்கு, பணம் தர வேண்டிய தேதி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தத் தேதிக்குள் பில் போட்டால் போதும். வேலை முடிந்த மறுநாளே பில் போட்டு வரியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒப்பந்தமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று தொடங்கும் வேலைக்கு இது கிடைக்காது.

இரண்டாவது, உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. இலவசம், ஆதாரும் பானும் வேண்டும். சிறு, குறு தொழில் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள்: அந்தக் கெடு தாண்டினால், உண்மையில் பணம் கொடுக்கிற வருடம்தான் கம்பெனி அதைச் செலவாகக் காட்ட முடியும். என் பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்த பிறகு, மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் அவர்களாகவே கூப்பிடுகிறார்கள்.

4 மே 2025

வருமான வரிக்கு வருவோம். ஜிஎஸ்டியும் இதுவும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு கெடு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக்கு ரசீது கேட்க மாட்டார்கள், கணக்குப் புத்தகம் வைக்கச் சொல்ல மாட்டார்கள். 50 லட்சம் வரவு வரை. ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. கேள்வி கேட்டவரின் 18 லட்சத்தில் வருமானம் 9 லட்சம். 2025-26 நிதியாண்டில் வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். வருடம் முழுக்கப் பிடித்த டிடிஎஸ் 1,80,000 ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். சம்பளக்காரர்களுக்கு உள்ள 75,000 கழிவு மட்டும் நமக்கு இல்லை. வருடத்தின் நடுவில் வேலையை விட்டவர்கள் அதுவரை வாங்கிய சம்பளத்தையும் கூட்டிக்கொண்டு பாருங்கள்.

1,80,000 அவ்வளவு நாள் அங்கே கிடக்கிறதே என்று வருந்துகிறவர்கள், குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

5 மே 2025

44ஏடிஏ எல்லோருக்கும் இல்லை. நேற்றே எழுதியிருக்கலாம், தூக்கம் வந்துவிட்டது. பட்டியல் இருக்கிறது: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டிடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், அப்புறம் பின்னர் அறிவித்த தகவல் தொழில்நுட்பம், கம்பெனி செக்ரட்டரி, திரைக் கலைஞர் போன்றவை. திரைக் கலைஞர் என்றால் நடிகர் மட்டும் இல்லை. உதவி இயக்குநர், எடிட்டர், கேமராமேன், பாடலாசிரியர், வசனம் எழுதுகிறவர், உடை வடிவமைப்பவர் எல்லோரும் அடக்கம். கோடம்பாக்கத்தில் இருக்கும் தம்பிமார்கள் பலருக்கு இது தெரியாது, டிடிஎஸ் பிடித்ததைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்யாண போட்டோகிராபர், டைலர், கேட்டரிங்காரர் இதில் வர மாட்டார்கள். அவர்களுக்கு 44ஏடி. வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் வருமானம்.

11 மே 2025

பாதி வருமானம் என்பதைப் பற்றி எனக்கே இப்போது இரண்டு மனசாக இருக்கிறது. வரிக்கு நல்லது, சரி. ஆனால் வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பார்ப்பது ரிட்டர்னில் உள்ள வருமானத்தை. 18 லட்சம் சம்பாதித்தேன் என்று சொன்னால் அவர்கள் 9 லட்சத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். சட்டமும் பாதிக்குக் குறையாமல் என்றுதான் சொல்கிறது, கையில் நின்றது அதைவிட அதிகமானால் அதிகமாகவே காட்டலாம். 12 லட்சம் வரை வரியே இல்லாத இந்த நேரத்தில், வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர் 9க்குப் பதில் 12 காட்டினால் ஒரு ரூபாய்கூட வரி ஏறாது, கடன் தகுதி கூடும். நான் இந்த வருடம் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

வரி வருகிறவர்கள் மார்ச் 15க்குள் முன்கூட்டிய வரி முழுவதையும் கட்டிவிடுங்கள். 44ஏடிஏகாரர்களுக்கு நான்கு தவணை இல்லை, அந்த ஒரே தேதிதான்.

22 ஜூன் 2025

ஒருவர் தனிச்செய்தியில் ஒரு "திட்டம்" கேட்டார். பாதி பில்லைத் தன் பெயரிலும் பாதியை மனைவி பெயரிலும் போட்டால் இருவருமே 20 லட்சத்துக்குக் கீழே இருக்கலாமே என்று. மனைவியும் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்கிறார், திறமை இருக்கிறது, பணம் அவர் கணக்குக்குப் போகிறது, அவரே செலவழிக்கிறார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பெயர் மட்டும் அவருடையது என்றால் வேண்டாம். நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். வரியை மிச்சம் பிடிக்க வீட்டுப் பெண்களின் பான் கார்டை எடுத்து நீட்டுவது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

கமிஷனுக்கு பில் தருகிறேன், உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொள் என்று வருகிறவர்களிடம் பேசவே பேசாதீர்கள். வாங்காத பொருளுக்கு பில் வாங்குவது குற்றம், தொகை பெரிதானால் ஜெயில் வரை போகும்.

23 ஜூன் 2025

கல்யாண போட்டோகிராபர்களுக்கு நேர்மையான திட்டம் ஒன்று உண்டு. காம்போசிஷன். சேவைத் தொழிலில் 50 லட்சம் வரை, வரவில் 6 சதவீதம் கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது, உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, வெளிமாநில வேலை பிடிக்கக் கூடாது. வருடம் 30 லட்சத்துக்கு மதுரையைச் சுற்றியே கல்யாணம் எடுக்கிறவர் 1,80,000 கட்டுவார். அதே 30 லட்சம் விலைக்குள் சாதாரண முறையில் போனால் வரி நான்கரை லட்சத்துக்கு மேல், கேமரா லென்ஸுக்குக் கட்டியதை அதில் கழிக்கலாம். பெரிய கேமரா வாங்காத வருடத்தில் காம்போசிஷன்தான் லாபம். கம்பெனிகளுக்கு பில் போடும் என்னைப் போன்றவர்களுக்கு இது உதவாது. என் வாடிக்கையாளரால் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அடுத்த வேலை தர மாட்டார்.

6 ஜூலை 2025

லண்டனில் இருக்கும் அண்ணன் ஒருவர் அங்கேயும் இதே கதைதான் என்று எழுதியிருக்கிறார். பிரிட்டனில் வாட் பதிவு வரம்பு 2024 ஏப்ரலிலிருந்து 90,000 பவுண்டு. அங்கே ஃபிளாட் ரேட் என்று நம் காம்போசிஷனுக்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் 20 சதவீதம் வாங்கிக்கொண்டு, குறைந்த விகிதத்தில் கட்டலாம். முன்பு ஐடி கான்ட்ராக்டர்களுக்கு இதில் நல்ல மிச்சம் இருந்ததாம். 2017 ஏப்ரலில், பொருள் செலவு அதிகம் இல்லாதவர்களுக்கு 16.5 சதவீதம் என்று வைத்தார்கள். அந்த விகிதம் வாட் சேர்ந்த தொகைக்கு. 100 பவுண்டு வேலைக்கு 120 வாங்கி 19.80 கட்ட வேண்டும். மிச்சம் 20 பென்ஸ். புதிதாகப் போகும் பிள்ளைகளிடம் பழைய கணக்கைச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அண்ணன் வருத்தப்படுகிறார்.

20 ஜூலை 2025

பில்லில் எண்ணைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. அடுத்த பத்தும் பான். வாடிக்கையாளர் எண் 33இல் தொடங்கினால் 9 மத்திய வரி, 9 மாநில வரி. 29 என்றால் 18 முழுவதும் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில வேலைக்கான வரி. பெரிய கம்பெனிகளுக்கு மாநிலத்துக்கு ஓர் எண் இருக்கும். வேலை சொல்கிறவர் சென்னையில் உட்கார்ந்திருப்பார், பில் பெங்களூரு எண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். வேலை ஆணையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் பில் போடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கம்பெனியிலிருந்து "உங்க பில் எங்க 2பியில வரலையே" என்று போன் வரும். 2பி என்பது அவர்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டி தளப் பட்டியல். காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை மட்டும் அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்ற ஐஎஃப்எஃப் என்ற வசதி இருக்கிறது. ஏற்றிவிடுங்கள், போன் வராது. அந்த இரண்டு மாத வரியை 25ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

21 செப்டம்பர் 2025

நாளையிலிருந்து ஜிஎஸ்டி விகிதங்கள் மாறுகின்றன. 12, 28 சதவீதம் ஏறக்குறைய முழுவதும் போகிறது. "நம்ம 18 குறையுமா?" என்று பலர் கேட்கிறீர்கள். ஆலோசனை, மென்பொருள், வரைபட வேலைக்கெல்லாம் 18தான், மாற்றமில்லை. நமக்கு உள்ள நல்ல சேதி தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி நீங்குவது. கம்பெனி காப்பீட்டை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இன்னும் மருத்துவக் காப்பீடு எடுக்காதவர்கள் இந்த மாதமே எடுங்கள்.

9 நவம்பர் 2025

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து பதிவு எளிதாகியிருக்கிறது. பதிவு பெற்றவர்களுக்குப் போடும் பில்களில் மாத வரி 2.5 லட்சத்துக்குள் இருக்கும் என்பவர்கள், ஆதார் சரிபார்ப்போடு விண்ணப்பித்தால் மூன்று வேலை நாளில் எண் கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர் இதற்குள் அடங்குவோம். எனக்கு இது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டு உரிமையாளர் கடிதத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேவை இன்னும் போகவில்லை.

வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்கள்: எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக ஜிஎஸ்டி துறைக்குக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் பில்லுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், வரி இல்லாமல் பில் போடலாம். பணம் உரிய கெடுவுக்குள் அந்நியச் செலாவணியாக வந்து சேர வேண்டும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னால் கேட்டால் வங்கி அலைய விடும்.

18 ஜனவரி 2026

2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம். 44ஏடிஏ போன்ற பிரிவு எண்கள் மாறும், பாதி வருமானக் கணக்கு தொடர்கிறது. பழைய எண்ணிலேயே தேடிக் குழம்ப வேண்டாம்.

கோபியிலிருந்து ஒரு தம்பி, மறுபடி வேலைக்குப் போகிறேன், ஜிஎஸ்டியை அப்படியே விட்டுவிடலாமா என்கிறார். விடாதீர்கள். ரத்து செய்ய விண்ணப்பியுங்கள், ஆணை வந்த பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் போடுங்கள். ரத்துக்கு விண்ணப்பிக்கும் வரை நில் ரிட்டர்ன் (பில் இல்லாத மாதக் கணக்கு) விடாமல் போக வேண்டும், ஒரு எஸ்எம்எஸ்ஸில் முடிகிற வேலை, எண் 14409. நில் ரிட்டர்ன் தாமதத்துக்கு நாளுக்கு 20 ரூபாய். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்ட லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரத்து செய்கிறீர்கள் என்றால், கழித்த வரியில் கொஞ்சம் திருப்பிக் கட்ட வேண்டி வரும். வாங்கிய பில்லின் தேதியை அனுப்புங்கள், எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.